பேனாக்கத்தியைத் தேர்ந்தெடுப்பதும் உடன் வைத்திருப்பதும்

கத்தி வாங்கக் கடைக்குப் போவதற்கு முன்னால், ஒரு வாரத்துக்கு உங்கள் கை எந்தெந்த நேரத்தில் கத்தியைத் தேடுகிறது என்பதைக் கவனித்து ஒரு தாளில் குறித்து வையுங்கள். கூரியரில் வந்த பெட்டியின் டேப்பை அறுக்க, பூச்சரத்தின் நாரை நறுக்க, மூட்டை கட்டிய சணல் கயிற்றை வெட்ட, ரயிலில் கொய்யாவைக் கூறுபோட, தோட்டத்தில் சொட்டுநீர்க் குழாயைத் துண்டிக்க, பிள்ளையின் பென்சிலைச் சீவ என்று அது நீண்டுகொண்டே போகும். இவற்றில் எதற்கும் ஆள்காட்டி விரலைவிட நீளமான அலகு தேவைப்படாது என்பது வாரக் கடைசியில் உங்களுக்கே தெரிந்துவிடும். 6 முதல் 8 சென்டிமீட்டர் அலகுள்ள மடக்குக் கத்தி, அதாவது நம் வீடுகளில் பேனாக்கத்தி என்று சொல்லப்படுவது, நகரத்திலும் கிராமத்திலும் ஒருவருக்குப் போதும்.

நீளத்தைவிடவும் முக்கியமானது அலகின் கனம். கடையில் தடித்த கத்தியைக் கையில் எடுத்தால் அது உறுதியானதாகத் தோன்றும். வீட்டுக்கு வந்து ஒரு கேரட்டை வெட்டிப் பார்த்தால்தான் உண்மை தெரியும். முதுகுப்பக்கம் 3 மில்லிமீட்டர் கனமுள்ள அலகு பாதி வழி இறங்கியதும் ஆப்புப் போலக் கேரட்டைப் பிளக்கும், துண்டு சடக்கென்று ஒடிந்து தெறிக்கும். 2 மில்லிமீட்டருக்கு உட்பட்டு, வாயை, அதாவது வெட்டும் விளிம்பை, நோக்கிச் சீராக மெலிந்து இறங்கும் அலகோ கடைசி வரை அறுத்துக்கொண்டே போகும். மெல்லிய கத்தி சற்று மழுங்கிய பிறகும் வேலை செய்யும், தடித்த கத்தி புதுக் கூரோடு இருக்கும்போதே முரண்டு பிடிக்கும். கத்தி வாங்க வரும் நண்பர்களிடம் நான் முதலில் சொல்வதும் இதைத்தான்.

இந்த இலக்கணத்துக்குப் பொருந்தும் இரண்டு கத்திகள் நூறு ஆண்டுகளுக்கு மேலாக உலகெங்கும் புழங்குகின்றன. சுவிட்சர்லாந்தின் ஈபாக் என்ற ஊரில் 1884-இல் பட்டறை தொடங்கிய கார்ல் எல்சனர், 1891-இல் அந்நாட்டுப் படைவீரர்களுக்குக் கத்தி வழங்கத் தொடங்கி, 1897-இல் அதிகாரிகளுக்கான கத்தியைப் பதிவு செய்தார். இன்று விக்டோரினாக்ஸ் என்ற பெயரில் நாம் பார்க்கும் சிவப்புக் கத்தியின் மூலம் அதுவே. மடக்கிய நிலையில் 91 மில்லிமீட்டர் நீளமுள்ள அளவில், அலகோடு திருப்புளி, டப்பா திறப்பான் போன்றவையும் சேர்ந்து வருகின்றன. மற்றொன்று பிரான்சின் சவாய் மலைப்பகுதியில் 1890-இல் ஜோசப் ஒப்பினெல் வடிவமைத்த மரப்பிடிக் கத்தி. அதில் ஓர் அலகு, ஒரு மரப்பிடி, ஒரு வளையம் தவிர வேறு எதுவும் இல்லை. அதன் அளவுகளை எண்ணால் குறிக்கிறார்கள்; எட்டாம் எண் கத்தியின் அலகு 8.5 சென்டிமீட்டர் என்பதால், சட்டைப்பைக்கு நான் ஆறாம் அல்லது ஏழாம் எண்ணையே விரும்புவேன்.

இரண்டுக்கும் உள்ள பெரிய வேறுபாடு பூட்டு. சிவப்புக் கத்தியின் பெரும்பாலான சிறு அளவுகளில் அலகை உள்ளிருக்கும் வில் மட்டுமே நிறுத்தி வைக்கிறது. முதுகின் மேல் அழுத்தினால் அது மடங்கிவிடும். ஒப்பினெலில் 1955 முதல் ஓர் எஃகு வளையம் சேர்க்கப்பட்டிருக்கிறது. அதைத் திருப்பிவிட்டால் அலகு மடங்காது. பல ஆண்டுகளுக்கு முன்பு, பூச்செடி வைப்பதற்காக ஒரு பிளாஸ்டிக் வாளியின் அடியில் துளை போட நினைத்து, பூட்டில்லாத கத்தியின் முனையை ஊன்றி அழுத்தினேன். முனை வழுக்கியது, அலகு மடங்கியது, ஆள்காட்டி விரலின் நடு மூட்டில் நான்கு தையல் போட வேண்டியதாயிற்று. அந்தக் கத்தியின் மேல் குறை இல்லை. பூட்டில்லாத கத்தி இழுத்து அறுப்பதற்கானது, குத்தித் துளைப்பதற்கானதன்று என்பதை அறியாமல் அதைக் கையாண்டது என் பிழை. துளையிடும் வேலை உங்களுக்கு அடிக்கடி வருமானால் பூட்டுள்ள கத்தியையோ, தனியே துளையூசி உள்ள கத்தியையோ வாங்குங்கள். கடையில் நாள் முழுவதும் அட்டைப்பெட்டி பிரிப்பவர்களுக்கு இரண்டுமே வேண்டாம். அட்டை எந்தக் கூரையும் விரைவில் மழுக்கிவிடும் என்பதால், நுனியை ஒடித்து ஒடித்துப் பயன்படுத்தும் கட்டர் அவர்களுக்கு மலிவானது, பொருத்தமானதும்கூட.

எஃகைப் பற்றிக் கடைக்காரர்கள் சொல்லும் எண்களில் மயங்க வேண்டாம். ராக்வெல் அளவில் 55 முதல் 58 வரை கடினமுள்ள எஃகைச் சாதாரணக் கல்லிலேயே தீட்டிவிடலாம். 60-ஐத் தாண்டினால் கூர் நெடுநாள் நிற்கும், ஆனால் மழுங்கிய பிறகு அதை மீட்பதற்கு வைரத்தூள் பதித்த தகடும் நிறையப் பொறுமையும் தேவைப்படும். நீங்களே தீட்டக்கூடிய கத்தியை வாங்குவதே சரியானது. துருப்பிடிக்காத எஃகா, கரி எஃகா என்ற கேள்விக்கு நம் தட்பவெப்பம் விடை சொல்கிறது. தூத்துக்குடி, நாகப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் இருப்பவர்களும், வியர்த்த கையோடு வெயிலில் வேலை செய்பவர்களும் துருப்பிடிக்காத எஃகையே எடுக்க வேண்டும். கரி எஃகு எளிதில் கூரேறும், ஆனால் ஒரே ஒரு மாங்காயை நறுக்கிவிட்டு அப்படியே வைத்தாலும் சற்று நேரத்தில் அலகில் கருநீலக் கறை படர்ந்துவிடும். துண்டுகளிலும் இரும்பு வாடை ஏறும். உடனுக்குடன் துடைத்து வைக்கும் பழக்கம் உள்ளவர்கள் அதை வாங்கலாம்.

கடையில் கத்தியைச் சோதிக்க ஐந்து நிமிடம் எடுத்துக்கொள்ளுங்கள். அலகை முழுதாக விரித்து, அதன் நுனிப்பக்கத்தை இரு விரலால் பிடித்து இடவலமாக ஆட்டிப் பாருங்கள். ஆடினால் வேண்டாம். மடக்கியபின் அலகு இரண்டு பக்கத் தகடுகளுக்கும் நடுவில் நிற்கிறதா, ஒரு பக்கம் உரசுகிறதா என்று பாருங்கள். பிடியை இறுக்கமாகப் பற்றும்போது உள்ளங்கையில் எந்த விளிம்பாவது குத்துமானால், அரைமணி நேர வேலையில் அது கொப்புளமாகிவிடும். நடைபாதையில் பாதி விலைக்குக் கிடைக்கும் சிவப்புக் கத்திகளில் போலிகள் மிகுதி. அவற்றின் வில் தளர்வாகவும் அலகு மென்மையாகவும் இருக்கும்.

இனி, வாங்குவதைவிடப் பெரிய வேலையான தீட்டுதல். தெருவில் சாணை பிடிப்பவர்கள் அரிவாள்மனைக்கும் வெட்டுக்கத்திக்கும் நல்ல கூர் ஏற்றிக் கொடுப்பார்கள், ஆனால் மெல்லிய பேனாக்கத்தியை அவர்களிடம் தராதீர்கள். தண்ணீர் இல்லாமல் வேகமாகச் சுழலும் சக்கரத்தில் பொறி பறக்கும்போது, தாள்போன்ற அந்த வாய் நொடியில் சூடேறுகிறது. எஃகில் நீலம் பாய்ந்துவிட்டால் கொல்லர் கொடுத்த பதம் அந்த இடத்தில் போய்விட்டது என்று பொருள், பிறகு எத்தனை முறை தீட்டினாலும் அங்கே கூர் தங்காது.

ஹார்டுவேர் கடையில் ஒரு பக்கம் சொரசொரப்பும் மறுபக்கம் வழுவழுப்புமாகக் கிடைக்கும் கார்போரண்டம் கல் ஒன்று போதும். அதை ஈரத்துணியின் மேல் வைத்தால் நகராது. கல்லின் மேல் தண்ணீர் தெளித்து, அலகை முதலில் கல்லோடு படுக்க வைத்து, பிறகு அலகின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு உயரத்துக்கு முதுகைத் தூக்குங்கள். அலகு 15 மில்லிமீட்டர் அகலமானால் முதுகு 5 மில்லிமீட்டர் உயர வேண்டும். அப்போது கோணம் ஏறத்தாழ 20 பாகையாக அமையும். அந்தக் கோணம் மாறாமல், கல்லிலிருந்து மெல்லிய ஏடு ஒன்றைச் சீவி எடுப்பதுபோல, அடியிலிருந்து நுனி வரை இழுத்துத் தேய்க்க வேண்டும். அழுத்தம் வேண்டாம், கத்தியின் எடையோடு சிறிது விரல் பாரம் போதும்.

ஒரு பக்கத்தையே தொடர்ந்து தேய்த்துவிட்டு, மறுபக்கத்தில் கட்டைவிரலால் முதுகிலிருந்து வாயை நோக்கி மெதுவாகத் தடவிப் பாருங்கள். வாயின் நெடுகத் தடவக்கூடாது. விளிம்பில் நகத்தில் சிக்கும் மெல்லிய பிசிறு அடியிலிருந்து நுனி வரை தட்டுப்பட்டால் அந்தப் பக்கம் முடிந்தது. பிசிறு எழாத இடத்தில் கல் இன்னும் விளிம்பைத் தொடவில்லை. தீட்டத் தெரியவில்லை என்று கைவிடுபவர்களில் பெரும்பாலானோர் இந்தப் பிசிறு எழுவதற்கு முன்பே பக்கத்தை மாற்றிவிடுபவர்கள். மறுபக்கத்துக்கும் அதே போலச் செய்து, பிறகு கல்லின் வழுவழுப்பான பக்கத்தில் பக்கத்துக்கு ஒன்றாக மாற்றி மாற்றி, அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே வந்தால் பிசிறு உதிரும். கடைசியாகப் பழைய தோல் பெல்ட்டின் உட்புறத்தில், வாய் பின்தங்க முதுகு முன்செல்லுமாறு பத்துப் பதினைந்து முறை இழுங்கள். விளக்கின் கீழே வாயை மேல்நோக்கிப் பிடித்துப் பார்த்தால், மழுங்கிய இடம் வெள்ளைக் கோடாக மின்னும். கூரான இடத்தில் ஒளி நிற்காது. செய்தித்தாளின் ஓரத்தை அந்தரத்தில் பிடித்து அறுக்கும்போது கிழியாமல் இறங்கினால் வேலை நிறைவு. ஒருமுறை தீட்டியதற்கும் அடுத்த முறைக்கும் நடுவில் சிறு கூர் தேவைப்பட்டால், பீங்கான் கோப்பையைக் கவிழ்த்து, அதன் அடியில் மினுக்குப் பூசாத சொரசொர வளையத்தில் நான்கைந்து முறை தேய்த்தால் போதும்.

உடன் வைத்துக்கொள்வதில் முதல் விதி, எப்போதும் ஒரே இடம். சாவியும் சில்லறையும் கிடக்கும் பையில் போடாமல், வேறு பையில் சிறு துணியுறைக்குள் வையுங்கள். வேட்டி கட்டுபவர்களுக்கு இடுப்பு பெல்ட்டின் பை வசதியானது. பாட்டிமார் சுருக்குப்பையில் பாக்குவெட்டியை வைத்திருந்தது போலக் கைப்பையின் உள்ளறையிலும் வைக்கலாம். கூட்டம் நெரிக்கும் பேருந்தில் விரிக்காதீர்கள். மற்றொருவரிடம் கொடுக்கும்போது மடக்கிக் கொடுங்கள். மடக்கும்போது விரல்கள் அலகின் வழியில் இல்லை என்பதை ஒவ்வொரு முறையும் கண்ணால் பார்த்தே மடக்குங்கள். பெயின்ட் டப்பாவின் மூடியை நெம்புவதற்கு அலகைப் பயன்படுத்தினால் முனை ஒடியும், ஒடிந்த துண்டு கண்ணை நோக்கித்தான் வரும் என்று எண்ணிக்கொள்வது நல்லது.

சட்டத்தையும் அறிந்திருக்க வேண்டும். இந்தியாவின் 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளின் பட்டியல், 9 அங்குலத்துக்கு மேல் நீளமான அல்லது 2 அங்குலத்துக்கு மேல் அகலமான அலகுள்ள கத்திகளை ஆயுதம் என்று வகைப்படுத்தி, வீட்டு வேலைக்கும் உழவுக்கும் தொழிலுக்கும் உருவானவற்றுக்கு விலக்கு அளிக்கிறது. குத்துவாள் அதில் தனியே பெயர் சொல்லியே குறிக்கப்பட்டிருக்கிறது. நாம் பேசும் சிறு கத்தி இந்த அளவுகளுக்கு வெகு கீழே இருக்கிறது. ஆனாலும் இருபுறம் கூருள்ள அலகையும், பொத்தானை அழுத்தியதும் பாய்ந்து விரியும் வகையையும் வாங்க வேண்டாம் என்பேன், அவற்றால் ஆகும் வீட்டு வேலை எதுவும் இல்லை. நீதிமன்றம், விமான நிலையம், பொதுக்கூட்டம் ஆகியவற்றுக்குப் போகும் நாளில் கத்தியை வீட்டில் வைத்துவிட வேண்டும். விமானத்தில் கைப்பையில் கொண்டுபோக முடியாது, சரக்கில் ஏற்றும் பெட்டிக்குள் உறையிட்டு வைக்கலாம். பிரிட்டனில் வாழும் உறவினருக்குப் பரிசளிக்க நினைப்பவர்கள் மற்றொன்றையும் கவனிக்க வேண்டும்: அங்கே தக்க காரணம் இல்லாமல் பொது இடத்தில் வைத்திருக்கக்கூடியது, வெட்டும் விளிம்பு 3 அங்குலத்துக்கு மேற்படாத, பூட்டில்லாத மடக்குக் கத்தி மட்டுமே. ஒப்பினெலின் வளையம் பூட்டாகவே கொள்ளப்படும் என்பதால் அவர்களுக்குச் சிவப்புக் கத்திதான் சரி.

பராமரிப்பு எளியது. பழம் அறுத்தபின் கழுவி, மடிப்புக்குள்ளும் ஈரம் போகத் துடைத்து, மாதம் ஒருமுறை மூட்டில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் போதும். தோலுறைக்குள் நெடுநாள் வைத்திருக்காதீர்கள், தோல் ஈரத்தைப் பிடித்து வைத்து அலகைத் துருப்பிடிக்கச் செய்யும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மரப்பிடிக் கத்தியின் பிடி ஊறிப் பருத்து, அலகு நகத்துக்கு வராமல் இறுகிக்கொள்வதுண்டு. அப்போது நகத்தால் இழுத்துப் போராட வேண்டியதில்லை. வளையத்தைத் திறப்பு நிலைக்குத் திருப்பிவிட்டு, பிடியின் அடிப்பகுதியை மேசை விளிம்பில் ஒருமுறை தட்டினால் அலகின் நுனிப்பக்கம் சற்று மேலெழும்பும். சவாய் மலைவாசிகளின் வழக்கம் அது. பிறகு ஓரிரு நாள் நிழலில் விரித்து உலர்த்தி, மரத்தில் ஆளிவிதை எண்ணெயை மெல்லத் தேய்த்து ஊறவிடுங்கள்.