வெள்ளவத்தையில் மூன்று பேர், ஒரு குசினி

காலை ஏழே காலுக்கு ஒருமுறை, மாலை நாலரைக்கு ஒருமுறை கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கைக்குள், அதாவது சந்துக்குள், பீத்தோவன் வருவார். ஒரு ஓட்டோ, அதன் பின்னால் கண்ணாடிப் பெட்டி, பெட்டிக்குள் பாணும் பணிசும், அதாவது பிரெட்டும் பன்னும், மேலே ஒரு ஒலிபெருக்கி. நம் ஊரில் ஐஸ்காரர் மணியடித்துக்கொண்டு வருவார் இல்லையா, இங்கே பாண்காரர் பீத்தோவனின் 'ஃபியூர் எலீஸ்' பியானோ மெட்டைப் போட்டுக்கொண்டு வருவார். முதல் வாரம் நாலரை மணிக் கூட்டத்தில் சென்னை மேலாளர் பேச்சை நிறுத்திவிட்டு, "உங்க வீட்ல யாரும்மா பியானோ கத்துக்கறாங்க?" என்று கேட்டார். அன்றிலிருந்து நாலு இருபத்தைந்துக்கு மைக்கை அணைத்து, சன்னலைச் சாத்தி, கையில் சில்லறையோடு தயாராக இருக்கப் பழகினேன். மாலுப் பாண், அதாவது மீன் வைத்த பணிஸ், சூடாக இருக்கும்போதே தீர்ந்துவிடும்.

ஜூன் முதல் நவம்பர் வரை அங்கே இருந்தோம். நான் நாகர்கோவில். கூட ஒரு மதுரைக்காரி, ஒரு கோயம்புத்தூர்க்காரி. மூவரும் சென்னையில் ஒரே அலுவலகம். கொழும்பு வேலைக்கு ஆள் கேட்டபோது, பாதி வேலை பாதி ஊர்சுற்றல் என்று கணக்குப் போட்டுக் கையைத் தூக்கினோம். அதே கணக்கோடு கிளம்பப் போகிறவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் விசா. அதில் குறுக்கு வழி பார்க்க வேண்டாம். சுற்றுலா அனுமதி சுற்றிப் பார்க்க மட்டும்தான். அதை வைத்துக்கொண்டு அங்கே அலுவலகம் போய் வேலை பார்க்க முடியாது. எங்களுக்கு வதிவிட விசாவை நிறுவனமே எடுத்துத் தந்தது. சந்தேகம் இருந்தால் பத்தரமுல்லையில் இருக்கும் குடிவரவுத் திணைக்களத்திடம் கேளுங்கள், போய்வந்த சிநேகிதியிடம் கேட்காதீர்கள். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

வீட்டை வெள்ளவத்தையில் தேடுங்கள். கொழும்பு 6 என்றாலும் அதுதான். தமிழ் பேசினால் போதும், பால் வாங்கலாம், பிளம்பரைக் கூப்பிடலாம், சண்டையும் போடலாம். ஒருபக்கம் காலி நகருக்குப் போகும் காலி வீதி, மறுபக்கம் மரைன் டிரைவ், இரண்டையும் இணைக்கும் ஒழுங்கைகள். மரைன் டிரைவை ஒட்டித் தண்டவாளம், அதற்கப்பால் கடல். வீட்டைக் காட்டும் தரகர் உங்களை மொட்டை மாடிக்கு அழைத்துப் போய் சூரிய அஸ்தமனத்தைக் காட்டுவார். காட்டட்டும். கடலோரத்து வீட்டில் ரயில் சத்தம் ஒரு வாரத்தில் பழகிவிடும், உப்புக் காற்று பழகாது. ஃபேன், கதவுத் தாழ்ப்பாள், கத்தரிக்கோல் எல்லாம் துருப்பிடிக்கும். ஒழுங்கையின் நடுவில் எடுப்பதே நல்லது. கடலுக்கு மூன்று நிமிட நடை, பஸ்ஸுக்கு மூன்று நிமிட நடை.

எங்களுடையது ஒரு மாடி 'அனெக்ஸ்'. கீழே வீட்டுக்காரர், யாழ்ப்பாணத்து அன்ரி. கையெழுத்துப் போடுமுன் மூன்று விஷயங்களைக் கேட்டுவிடுங்கள். ஒன்று, மின் மீட்டர் தனியா. அங்கே மின் கட்டணம் படிப்படியாக ஏறும். யூனிட் கூடக்கூட ஒரு யூனிட்டின் விலையும் கூடும். வீட்டுக்காரரோடு ஒரே மீட்டர் என்றால், உங்கள் ஏசி அவருடைய யூனிட்டையும் சேர்த்து மேல்படிக்குத் தூக்கிவிடும். பிறகு பில் வரும் நாளில் முகம் பார்க்க முடியாது. இரண்டு, பிளக் பொயின்ட். பழைய வீடுகளில் நம் ஊர்ப் பிளக் போகிற உருண்டைத் துளை இருக்கும், புதியவற்றில் செவ்வகத் துளை, 13 அம்பியர். ஒரே அறையில் இரண்டும் இருந்தது எங்களுக்கு. பேனா முனையால் மேல்துளையை நெம்பிக்கொண்டு நம் பிளக்கைச் செருகும் வித்தையை யாராவது கற்றுத் தருவார்கள். வேண்டாம், புறக்கோட்டைக் கடைத்தெருவில் அடப்டர் வாங்குங்கள், ஆளுக்கு இரண்டு. மூன்று, கொடுக்கும் அட்வான்ஸுக்கு எழுத்தில் ரசீது. முதலில் பார்த்த வேறொரு வீட்டில் தரகர் ஒருவரிடம் "வீட்டைப் பிடித்து வைக்க" என்று பணம் கொடுத்துவிட்டு, அது திரும்பி வர ஐந்து வாரம் ஒவ்வொரு சனிக்கிழமையும் ஃபோன் போட்டேன். ரசீது இருந்திருந்தால் இரண்டு சனிக்கிழமையில் முடிந்திருக்கும்.

தமிழ் தெரியும், அதனால் மொழிப் பிரச்சினை இல்லை என்று நினைத்துப் போகிறவர்கள்தான் அதிகம் தடுமாறுவார்கள். நாங்கள் தடுமாறினோம்.

கோயம்புத்தூர்க்காரி சைவம். இரண்டாம் நாள் மதியம், காலி வீதியில் ஒரு சாப்பாட்டுக் கடை. "அண்ணா, எனக்குக் கறி வேண்டாம்" என்றாள். பரிமாறியவர் அவளை ஒருமுறை பார்த்தார். "கறி வேணாமோ? ஒண்டுமே வேணாமோ?" "ஒண்ணுமே வேண்டாங்ண்ணா." சிவப்பரிசிச் சோறு மட்டும் வந்தது, இரக்கப்பட்டு மேலே ஒரு அப்பளம். எதிரே என் தட்டில் பருப்பு, போஞ்சி, கத்தரிக்காய், ஒரு கீரை. இங்கே கறி என்றால் சோற்றோடு பிசைய வருகிற எல்லாமே கறிதான். பருப்பும் கறி, பூசணியும் கறி. ஆடு மாடு என்றால் இறைச்சி. காய்களுக்கு மரக்கறி. வெறும் சோற்றைப் பார்த்து அவள் விழித்துக்கொண்டிருக்க, அவர் மனம் கேட்காமல் ஒரு கரண்டி தேங்காய்ச் சம்பல் வைத்துவிட்டுப் போனார். அதில் மாசி. மாலைத்தீவுப் பக்கத்துச் சூரை மீனைப் புகைபோட்டுக் காயவைத்து இடித்தது, பார்க்கத் தேங்காய்ப்பூவோடு பூவாகக் கலந்து கிடக்கும். சைவம் சாப்பிடுகிறவர்கள் "சைவமா?" என்று கேட்டு நிறுத்தாமல் "மாசி போட்டதா?" என்றும் கேட்க வேண்டும்.

கொப்பி என்றால் நோட்டுப் புத்தகம், கோப்பி என்றால் காபி. கடையில் "ஒரு நோட்டு குடுங்க" என்றதற்கு "எத்தினை ரூபா நோட்டு மாத்தோணும்?" என்று கேட்டார்கள். இன்னொன்று முக்கியம். இங்கே பேசுவது என்றால் திட்டுவது. சாதாரணமாக உரையாடினால் அது கதைப்பது. ஒருநாள் படியேறும்போது அன்ரி ஏன் தாமதம் என்று கேட்க, "மேனேஜர் ஒரு மணி நேரம் பேசினார் அன்ரி" என்று சொல்லிவிட்டேன். அரைமணியில் ஒரு தட்டு இடியப்பமும் சொதியும் மேலே வந்தன. "ஏன் பிள்ளை பேசினவர்? என்ன பிழை விட்டனீங்கள்?" திருத்தாமல் சாப்பிட்டேன்.

வீட்டுக்குள் வரும் சண்டைக்கு இரண்டே வேர்: காசு, தூக்கம்.

காசுக்கு நெஸ்டோமோல்ட் என்ற மால்ட் பானத்தின் காலி டின். மாதத் தொடக்கத்தில் மூவரும் ஒரே தொகையைப் போடுவோம். அரிசி, மரக்கறி, தேங்காய், சவர்க்காரம், கேஸ், குடிதண்ணீர், வீடு கூட்ட வரும் அக்காவின் சம்பளம் எல்லாம் அதிலிருந்து. எடுக்கிறவர் டின்னுக்கு அடியில் இருக்கும் கொப்பியில் தேதி, சாமான், தொகை, முதலெழுத்து எழுத வேண்டும். கைபேசிச் செயலியும் முயன்றோம். மூன்றாம் நாளே யாரும் பதியவில்லை. கொப்பி கண்ணுக்கு முன்னால் கிடப்பதால் எழுதினோம். டின் காலியாகும்போது ஒருவர் கைக்காசைப் போட்டால், அதைச் சிவப்புப் பேனாவில் எழுதி அடுத்த மாதம் முதல் வேலையாகத் தீர்ப்போம்.

இதையெல்லாம் ஒரு சண்டைக்குப் பிறகுதான் ஏற்பாடு செய்தோம். ஆகஸ்ட் மாதம் ஒரு போயா நாள், அதாவது பௌர்ணமி விடுமுறை, மாலை ஆறு மணிக்குக் கேஸ் தீர்ந்தது, 12.5 கிலோ சிலிண்டர். மதுரைக்காரி சோறு பாதி வெந்த பானையைப் பார்த்தபடி, "ஒரு நாளைக்கு ஆறு காபி போட்டா எப்படி நிக்கும்?" என்றாள். கோயம்புத்தூர்க்காரி, "நீ கோழி வேக வைக்கற நேரத்துல நான் அறுபது காபி போடுவேன்" என்றாள். இரண்டு நாள் என் வழியாகத்தான் இருவரும் கதைத்தார்கள். பிறகு கொப்பியில் ஒரு விதி ஏறியது: கேஸ், தண்ணீர், இணையம் மூன்றையும் யார் எவ்வளவு பயன்படுத்தினார்கள் என்று பார்க்காமல் சமமாகப் பிரிப்பது, ஏசி மட்டும் போட்டவர் கணக்கு. நீங்கள் முதல் நாளே எழுதிவிடுங்கள். சோறு பாதி வேகும் வரை காத்திருக்க வேண்டாம்.

ஒரு இந்திய ரூபாய்க்கு இலங்கை ரூபாய் மூன்றுக்கு மேல் வரும். முதல் வாரம் விலைச்சீட்டைப் பார்த்து மயக்கம் வரும், இரண்டாம் வாரம் எல்லாம் மலிவு என்ற மிதப்பு வரும். இரண்டாவதுதான் ஆபத்து. 2024 பிப்ரவரியில் இருந்து நம் யுபிஐ அங்கே கியூஆர் அட்டை உள்ள கடைகளில் செல்லும். ஆனால் பஸ்ஸுக்கும் பாண்காரருக்கும் கைக்காசு வேண்டும்.

அடுத்தது தூக்கம். 2006 ஏப்ரலில் இருந்து கொழும்புக் கடிகாரமும் சென்னைக் கடிகாரமும் ஒன்றே, அதனால் மதுரைக்காரிக்கும் எனக்கும் சிக்கல் இல்லை. கோயம்புத்தூர்க்காரிக்கு லண்டன் குழு. கோடையில் மதியம் ஒன்றரைக்கு ஆரம்பித்து இரவு ஒன்பதரைக்கு முடிப்பாள். அக்டோபர் கடைசி ஞாயிறு லண்டன்காரர்கள் கடிகாரத்தைப் பின்னால் தள்ள, அவளுக்குப் பத்தரை ஆகிவிட்டது. இரவில் கதவு சாத்தக்கூடிய அறையை அவளுக்குக் கொடுத்துவிட்டு, வெளியறை மேசையை நாங்கள் எடுத்துக்கொண்டோம். யாருக்கு எந்த அறை என்பதைச் சன்னலையும் காற்றையும் பார்த்து முடிவு செய்யாதீர்கள், வேலை நேரத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள். வீட்டு இணையத்தோடு, வேறு நிறுவனத்தின் சிம் ஒன்றும் வைத்திருங்கள். அக்டோபர், நவம்பரில் பிற்பகலில் இடியும் மழையும் சேர்ந்து வரும்; மின்சாரம் போனால் ரூட்டரும் போகும்.

போயாவை நாட்காட்டியில் முன்கூட்டியே வட்டமிடுங்கள். ஒவ்வொரு பௌர்ணமியும் அங்கே பொது விடுமுறை. மது கிடையாது, இறைச்சிக் கடையும் பூட்டு. கொழும்பு அலுவலகம் மூடியிருக்கும், சென்னை அலுவலகம் திறந்திருக்கும். யாருடைய நாட்காட்டிப்படி விடுமுறை என்று மேலாளரிடம் முதலிலேயே கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கிக்கொள்ளுங்கள்.

அலுவலகம் கொள்ளுப்பிட்டியில். காலி வீதியில் 100, 101 இரண்டு பஸ்ஸும் போகும், எது வந்தாலும் ஏறலாம். முன் இருக்கை மதகுருமாருக்கு, அதில் உட்காராதீர்கள். வெள்ளவத்தையைத் தாண்டினால் கொஞ்சம் சிங்களம் கைகொடுக்கும். "மெத்தன பஹினவா" என்றால் இங்கே இறங்குகிறேன். ஓட்டோவில் "வமட்ட" இடது, "தகுணட்ட" வலது, "கெளின்" நேரே, "கீயத" எவ்வளவு. மெத்தனவை நீங்கள் எப்படிச் சொன்னாலும் கொண்டக்டர் சிரித்துவிட்டுத்தான் மணியடிப்பார். ரயிலில் கொள்ளுப்பிட்டி இரண்டாவது ஸ்டேஷன், மலிவு, கடலோரப் பயணம். காலை எட்டு மணிக்குக் கடல் தெரியாது, அடுத்தவர் தோள்பை தெரியும்.

குப்பையைப் பிரிக்காவிட்டால் எடுக்க மாட்டார்கள். உக்குவது, அதாவது மக்குவது, ஒரு நாள், உக்காதது ஒரு நாள். பூந்தொட்டித் தட்டில் தண்ணீர் நிற்க விடாதீர்கள். டெங்கு அங்கே நிஜமான பயம். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வீட்டுக்குள்ளேயே வந்து பார்ப்பார், நுளம்புப் புழு, அதாவது கொசுப்புழு, இருந்தால் வழக்கும் போடலாம். எங்கள் வீட்டுக்கு வந்தவர் ஃப்ரிட்ஜின் பின்பக்கத் தண்ணீர்த் தட்டை இழுத்துப் பார்த்தார். அப்படி ஒரு தட்டு இருப்பதே எங்களுக்கு அன்றுதான் தெரியும்.

ஊர்சுற்றலுக்கு உங்களுக்கே பட்டியல் இருக்கும். காலிக்குக் கடலோர ரயிலில் போங்கள், யாழ்ப்பாணத்துக்கு வெள்ளவத்தையில் இருந்தே இரவு பஸ் இருக்கிறது. ஆடியில் இருந்தால் வேல் விழா: செட்டியார் தெருக் கோயிலில் இருந்து தேர் பம்பலப்பிட்டிக்கு வரும். வேலையில்லாத மழை நாளுக்கு 57ஆம் ஒழுங்கையில் கொழும்புத் தமிழ்ச் சங்கம், 1942இல் தொடங்கியது. அங்கே நூலகம் உண்டு. எங்கள் சாயங்காலங்கள் பெரும்பாலும் மரைன் டிரைவில்தான் போயின. கையில் ஆளுக்கொரு ரோல்ஸ், நடை, ரயில் போகும்போது மட்டும் பேச்சு நிற்கும். அது பாறைக்கரை, குளிக்க ஆகாது. குளிக்க வேண்டுமென்றால் கல்கிசைக்குப் போங்கள்.

திரும்பும் வாரம் மீட்டரைப் படம் எடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்பி, கடைசிப் பில்லை டின்னில் இருந்தே கட்டிவிடுங்கள். வறுத்த யாழ்ப்பாணக் கறித்தூளை இரண்டு பிளாஸ்டிக் பைக்குள் போட்டு, அதை ஒரு டப்பாவுக்குள் போட்டு, பெரிய பெட்டியில் வையுங்கள். நான் ஒரே பையில் வைத்தேன். மூன்று முறை துவைத்த பிறகும், நீல நிறச் சுடிதாரைப் போட்டுக்கொண்டு அலுவலக லிஃப்டில் ஏறினால் யாராவது ஒருவர், "இன்னிக்கு என்ன குழம்பு?" என்று கேட்கிறார்.