டிரெய்லர் இழுக்கும் பிக்கப்புக்கு எவ்வளவு காத்து?

புளியரை எஸ் வளைவு ஏறி ஆரியங்காவு, தென்மலை பக்கம் டிரெய்லர் இழுத்துப் போகிறவர்கள், செங்கோட்டையிலேயே காத்தைப் பார்த்துவிடுங்கள். வண்டி குறைந்தது 3 மணி நேரம் நின்று டயர் ஆறியிருக்க வேண்டும்.

எவ்வளவு அடிப்பது? டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஸ்டிக்கர் இருக்கும். அதில் லோடு இல்லாதபோது ஒரு அளவு, முழு லோடுக்கு ஒரு அளவு. நமக்கு வேண்டியது இரண்டாவது. டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருப்பது அந்த டயர் தாங்கும் உச்ச அளவு. பிக்கப்பில் அதைப் பார்த்து அடித்தால் ஈர ரோட்டில் பிடிப்பு குறையும். டிரெய்லர் டயருக்கு மட்டும் பெரும்பாலும் அந்த உச்ச அளவுதான் சரி.

டிரெய்லர் எடையில் 10 முதல் 15 சதவீதம் கொக்கி வழியாகப் பின் அச்சில் இறங்குகிறது. அதனால் பின் டயரில் காத்து குறைந்தால், பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றுக்கும் மடங்கி நிமிர்ந்து சூடேறும். உள்ளே நூல் அடுக்கு பிரிந்து வெடிக்கும். டிரெய்லர் ஆட்டம் போடுவதற்கும் இது ஒரு காரணம்.

மலை ஏறிய பின் கேஜ் 4, 5 பிஎஸ்ஐ கூடக் காட்டும். தயவுசெய்து காத்தை இறக்காதீர்கள், ஆறியதும் குறைந்துபோகும். பின்னால் ஜோடி டயர் என்றால் உள் டயரையும் கேஜ் வைத்தே பாருங்கள், தட்டிப் பார்த்தால் தெரியாது. ஸ்டெப்னியையும் மறக்க வேண்டாம். வால்வில் சோப்புத் தண்ணீர் ஒரு சொட்டு விட்டு, குமிழ் வராவிட்டால் மூடியைப் போடுங்கள்.