கர்ஜத் லோக்கலில் இருந்து சஹ்யாத்ரியைப் பெயர் சொல்லிப் பார்ப்பது எப்படி

மும்பை தாதரில் கர்ஜத் லோக்கல், அதாவது புறநகர் ரயில் ஏறினால், அம்பர்நாத் தாண்டியதும் இரண்டு பக்கமும் மலை தெரியும். இரண்டையும் ஒரே மலையாக எடுத்துக்கொள்வதில்தான் குழப்பம் தொடங்குகிறது. முதலில் வலம், இடம் என்று பிரித்துக்கொள்ளுங்கள். பெயர்கள் அப்புறம் சுலபம்.

கர்ஜத்தை நோக்கி உட்கார்ந்தால் வலப்பக்கம் இருப்பது மாத்தேரான் வரிசை. இது மூல மலையிலிருந்து விலகித் தனியாக நிற்கும் தொடர். அதன் மறுபக்கம் பன்வேல் சமவெளி. இடப்பக்கம் தூரத்தில் நீண்ட சுவர் போலத் தெரிவதுதான் சஹ்யாத்ரியின், அதாவது மேற்குத் தொடர்ச்சி மலையின், மூலத்தொடர். அந்தச் சுவருக்குப் பின்னால் சமவெளி கிடையாது, தக்காணப் பீடபூமி. அதன் உச்சியில் விழும் மழை கிழக்கே வழிந்தால் பீமா, கிருஷ்ணா வழியாக வங்கக் கடலுக்குப் போகும். மேற்கே வழிந்தால் உல்லாஸ் போன்ற சிறு ஆறுகளில் சேர்ந்து அரபிக் கடலுக்கு. ரயில் ஓடுவது நடுவிலுள்ள உல்லாஸ் பள்ளத்தாக்கில்.

வலப்பக்க வரிசையை இந்த ஒழுங்கில் பாருங்கள்: அம்பர்நாத் பக்கம் மலங்கட், பத்லாப்பூர்–வாங்கணியில் சந்தேரி, நேரல் நெருங்கும்போது பேப், அதை ஒட்டித் தட்டையான தலையோடு மாத்தேரான், சுமார் 800 மீட்டர். இதற்குக் காலை வெளிச்சம் வேண்டும். இடப்பக்கச் சுவருக்கு மாலை நாலு மணி வெளிச்சம். காலையில் சூரியன் அதன் பின்னால் இருப்பதால் வெறும் நிழல்தான் தெரியும். மழை விட்ட அக்டோபர், நவம்பர்தான் நல்ல காலம். ஏப்ரல், மே மாதங்களில் புழுதி மூட்டம் மூலத்தொடரை மறைத்துவிடும்.

அடுத்து வரைபடம். சர்வே ஆஃப் இந்தியாவின் 1:50,000 டோப்போ ஷீட்டில் (மேடுபள்ளம் காட்டும் வரைபடத் தாள்) பழைய எண்கள் 47 இ/4, இ/8, எஃப்/5 மூன்றும் போதும். அதில் 2 செ.மீ. ஒரு கிலோமீட்டர், சமஉயரக் கோடுகள் 20 மீட்டருக்கு ஒன்று. கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டி நெருங்கும் இடம் செங்குத்துப் பாறை, திடீரென அகலும் இடம் தட்டு. சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலைக் குழம்பு அடுக்கடுக்காக ஓடி உறைந்த மலை இது. அதனால்தான் எங்கு பார்த்தாலும் படிப்படியாக இருக்கிறது.

திசைகாட்டியை ரயில் பெட்டிக்குள் பார்க்காதீர்கள். சுற்றிலும் இரும்பு, முள் விலகும். நடைமேம்பாலத்திலும் அதே கதைதான். ஸ்டேஷனுக்கு வெளியே வந்து நின்று, மலை வடக்கிலிருந்து எத்தனை டிகிரியில் இருக்கிறது என்று கோணம் எடுங்கள். மும்பையில் காந்த வடக்கும் உண்மை வடக்கும் ஒரு டிகிரிகூட விலகுவதில்லை, எனவே திருத்தம் தேவையில்லை.

இனிப் பெயர்கள். மராத்தியில் பெயரின் கடைசிச் சொல்லே மலையின் எந்தப் பகுதி என்று காட்டிவிடும். கட் என்றால் கோட்டை. சுளகா, தனித்து நிற்கும் ஊசிப்பாறை. கடா, செங்குத்து முகம். கிண்ட், இரு மேடுகளுக்கு இடைப்பட்ட கணவாய். மாச்சி, கோட்டைக்குக் கீழுள்ள தட்டு. காட் என்பது கொங்கணிலிருந்து, அதாவது மலைக்கு மேற்கே உள்ள கடலோரப் பகுதியிலிருந்து, மேலே ஏறும் வழி. போர் காட், தள் காட், நாணே காட் மூன்றும் பாதைகள். வரைபடத்தில் சிகரத்தின் மேல் ‘காட்’ என்று எழுதினால் தவறு.

ஒரே மலைக்கு இரண்டு பெயர் இருப்பதும் சகஜம். பேப்தான் விகட்கட். கோட்டளிகட்டை அடிவார ஊரின் பெயரால் பேட் கோட்டை என்பார்கள். கண்டாலாவில் ஆங்கிலேயர் டியூக்ஸ் நோஸ் என்றழைத்த பாறை உள்ளூர்க்காரர்களுக்கு நாக்பணி. இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள், உள்ளூர்ப் பெயரை முதலில் எழுதுங்கள். வழி கேட்கும்போது அதுதான் உதவும். ராய்கட், ராஜ்கட், ராஜ்மாச்சி மூன்றையும் மட்டும் கலந்துவிடாதீர்கள்: முதலாவது கொங்கணில் மஹாட் பக்கம், இரண்டாவது புனே மாவட்டத்தில், மூன்றாவது லோணாவளாவுக்கு வடக்கே.

இந்த மூன்றாவதைப் பார்க்கத் தனிப் பயணம் வேண்டாம். புனே வழியாக ஊருக்குப் போகும் சென்னை ரயில் பகலில் போர் காட் ஏறினால் போதும். 37 அடிக்கு ஓர் அடி என்ற ஏற்றம் என்பதால் கர்ஜத்தில் பின்னால் பாங்கர் எஞ்சின், அதாவது தள்ளிவிடும் கூடுதல் எஞ்சின், மாட்டுவார்கள். வழியிலுள்ள மங்கி ஹில் என்ற இடம் தாண்டியதும் இடப்பக்க ஜன்னலில் சற்றுப் பின்னோக்கிப் பாருங்கள்: இரட்டைக் குன்றாகத் தெரிவது ராஜ்மாச்சியின் ஸ்ரீவர்தனும் மனரஞ்சனும். கண்டாலா வரும்போது வலப்பக்கம் திரும்பினால் நாக்பணி.