மோர்பின் குளிசை எண்ணிக்கையில் குறைந்தால்

வன்னியில் முதியோர் இல்லம் நடத்துவோர் கவனத்துக்கு. கடும் நோவுக்குக் கொடுக்கும் மோர்பின் குளிசை பதிவேட்டில் 28, பெட்டியில் 26 என்றால், உடனே ஒருவரைக் கைகாட்டாதீர்கள். வேறொருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மீண்டும் எண்ணுங்கள். இரவு வேலைக்காரர் கொடுத்துவிட்டு எழுத மறந்தாரா, கழித்தலில் பிழையா, குளிசை படுக்கை விரிப்பில் விழுந்ததா என்று பாருங்கள். குளிசை அட்டையின் பின்பக்கத் தாளையும் விரலால் தடவுங்கள். யாராவது கீறி மோர்பினை எடுத்து, பரசிற்றமோல் வைத்து ஒட்டியிருந்தால் விளிம்பு தட்டுப்படும். பாணி மருந்தென்றால் போத்தலைக் கண்மட்டத்தில் வைத்து அளந்து பாருங்கள். உதாரணமாக, 100 மில்லிலீற்றரில் 5 மில்லிலீற்றர் வீதம் என்றால் 20 வேளை. ஓரிரு சொட்டு ஒட்டிக்கொள்வது வழமை, ஒரு வேளை அளவு குறைவது வழமையல்ல.

கணக்கு அப்போதும் இடித்தால் பழைய வரியை அழிக்கவோ வெள்ளை பூசவோ வேண்டாம். அடுத்த வரியில் திகதி, நேரம், இருக்கும் எண்ணிக்கை, இருவர் கையொப்பம். அலுமாரித் திறப்பு கடைசியாக யாரிடம் இருந்தது என்பதையும் எழுதுங்கள். அதே வேளையில் நோயாளியிடம் போங்கள். மருந்து கிடைக்காத ஐயாவோ அம்மாவோ நோவில் துடித்துக்கொண்டிருக்கலாம். அவர்தான் இதில் முதல் பாதிக்கப்பட்டவர்.

பொறுப்பாளருக்கும், மருந்து எழுதிய வைத்தியருக்கும், கொடுத்த வைத்தியசாலை மருந்தகத்துக்கும் அன்றே சொல்லுங்கள். களவென்று சந்தேகமிருந்தால் பொலிஸில் முறைப்பாடு பதிந்து, அதன் இலக்கத்தைப் பதிவேட்டில் குறித்துவையுங்கள். "நாளைக்குப் பார்ப்பம்" என்று விட்டால் அடுத்த வேலைமுறை மாறிவிடும், யார் கையில் குறைந்தது என்று பிறகு பிடிக்கவே முடியாது.