இணையதளத்தின் பெயர் கிடைக்காதபோது செய்யக்கூடாதவை

இணையதளம் திறக்கவில்லை என்றவுடன், திரையில் வந்திருக்கும் செய்தியைப் படிக்காமலே ரவுட்டரை அணைக்க எழுந்து போவதுதான் பெரும்பாலான வீடுகளில் நடக்கும் முதல் தவறு. சர்வரின் ஐபி முகவரியைக் கண்டறிய முடியவில்லை என்று பிரவுசர் சொன்னால், இணைப்பே அறுந்துவிட்டது என்று முடிவு கட்டத் தேவையில்லை. நாம் தட்டச்சு செய்த பெயருக்கு உரிய எண்ணைத் தேடித் தரும் டிஎன்எஸ் என்னும் ஏற்பாடு எங்கோ ஓரிடத்தில் தடைப்பட்டிருக்கிறது என்பதே அதற்குப் பொருள். அந்த இடம் பிரவுசரா, கணினியா, ரவுட்டரா, இணையச் சேவை தருபவரின் டிஎன்எஸ் சர்வரா, அல்லது அந்தத் தளத்துக்காரரின் சர்வரா என்று தெரியாமல் எதை மாற்றினாலும், பழைய கோளாற்றோடு புதிய கோளாறு ஒன்றையும் சேர்த்துக்கொள்ளும் வாய்ப்பே அதிகம்.

இடத்தைக் கண்டறிவது கடினமன்று. விண்டோஸ் கணினியில் கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் கமாண்ட் ப்ராம்ப்ட்டைத் திறந்து, கூகுளின் பொது டிஎன்எஸ் சர்வரான 8.8.8.8 என்ற எண்ணுக்கு பிங் (ping), அதாவது மறுமுனையிலிருந்து பதில் வருகிறதா என்று பார்க்கும் சிறு சோதனை, அனுப்பிப் பார்க்க வேண்டும். பதில் வந்தால் வெளியுலகுக்கான பாதை திறந்திருக்கிறது. பெயர் தேடலில்தான் சிக்கல். பதில் வராவிட்டால் டிஎன்எஸ் அமைப்புகளில் கை வைக்காமல் முதலில் இணைப்பைச் சரிபார்க்க வேண்டும். ஆனால் சில வலையமைப்புகள் பிங்கையே தடுத்துவைத்திருப்பதால், இந்த ஒரு சோதனையை மட்டும் நம்பி இணைப்பு இல்லை என்று தீர்ப்புச் சொல்லிவிடக் கூடாது. தளத்தின் பெயருக்கு பிங் அனுப்பும்போது பலர் கவனிக்கத் தவறுவது முதல் வரியை. அந்த வரியில் பெயருக்குப் பக்கத்தில் எண் முகவரி வந்துவிட்டால், அதற்கடுத்த வரிகள் அனைத்தும் பதில் இல்லை என்று சொன்னாலும், பெயர் தேடல் வெற்றி பெற்றுவிட்டது என்றே கொள்ள வேண்டும்.

அடுத்து, ஒரு பெயருக்கு உரிய எண்ணை டிஎன்எஸ் சர்வரிடம் நேரடியாகக் கேட்கும் என்எஸ்லுக்கப் (nslookup) என்ற கட்டளை. பெயரை மட்டும் கொடுத்து ஒரு முறையும், பெயருக்குப் பின் 8.8.8.8 என்று சேர்த்து இன்னொரு முறையும் கேட்டுப் பார்க்கலாம். முதலாவது தோற்று இரண்டாவது வென்றால் குற்றம் பெரும்பாலும் ரவுட்டரிலோ சேவை தருபவரின் சர்வரிலோ இருக்கிறது. இரண்டும் வென்றும் பிரவுசர் மட்டும் முரண்டு பிடித்தால், பெயர் தேடலை மறைகுறியாக்கி அனுப்பும், பிரவுசருக்குள் இருக்கும் பாதுகாப்பான டிஎன்எஸ் அமைப்பையோ, இணையப் போக்குவரத்தை வேறொரு சர்வர் வழியாகத் திருப்பிவிட்டுப் பின்னணியில் இயங்கும் விபிஎன்னையோ, பெயர்களுக்கான எண்களைக் கணினியிலேயே எழுதிவைக்கும் ஹோஸ்ட்ஸ் கோப்பையோ பார்க்க வேண்டும். கிடைக்கும் பதில்களையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளக் கூடாது. என்எக்ஸ்டொமைன் என்றால் அப்படி ஒரு பெயரே இல்லை என்று சர்வர் தெளிவாகச் சொல்கிறது. எழுத்துப்பிழையை முதலில் பாருங்கள். சர்வ்ஃபெயில் என்றால் சர்வர் முயன்றும் விடை கிடைக்கவில்லை. பதிலே வராமல் நேரம் கடந்துவிட்டால், கேள்வி சர்வரைச் சென்றடைந்ததா என்பதே ஐயம்.

மாற்றிவிட்டு மறந்துபோவது இன்னொரு தவறு. இதில் நானே மாட்டியிருக்கிறேன். வீட்டில் எல்லாக் கருவிகளும் ஒழுங்காக இயங்க, என் கைப்பேசியில் மட்டும் எந்தத் தளமும் திறக்கவில்லை. ரவுட்டரோடு இரண்டு மணி நேரம் மல்லுக்கட்டிய பிறகுதான், விளம்பரங்களைத் தடுப்பதற்காகப் பல மாதங்களுக்கு முன் பிரைவேட் டிஎன்எஸ் பகுதியில் நான் எழுதிவைத்த சர்வர் பெயர் நினைவுக்கு வந்தது. ஆண்ட்ராய்டு 9 முதல் உள்ள அந்த வசதியில் ஒரு பெயரைக் குறித்துவிட்டால், அந்த சர்வர் எட்டாத நேரத்தில் கைப்பேசி தானாக வேறொன்றை நாடாது. ஒரே ஒரு கருவி மட்டும் தோற்றால் ரவுட்டரைத் தொடாதீர்கள்.

டிஎன்எஸ் எண்ணை மாற்றத்தான் வேண்டும் என்றாலும் இரண்டு தவறான எண்ணங்கள் குறுக்கே வரும். முதல் சர்வர் பெயர் இல்லை என்று சொன்னால் இரண்டாவதாக எழுதிய சர்வரிடம் கேட்கப்படும் என்று பலர் நம்புகிறார்கள். இல்லை என்பதும் ஒரு பதில்தான். அதோடு தேடல் முடிந்துவிடும். இரண்டாவது எண்ணம், ஐபி முகவரியின் பழைய வகையான ஐபிவி4 பகுதியில் மாற்றினால் போதும் என்பது. ரவுட்டர் புதிய வகையான ஐபிவி6 வழியாகத் தன் டிஎன்எஸ் முகவரியை அறிவித்துக்கொண்டே இருந்தால், கணினி அந்தப் பழைய சர்வரிடமே கேட்டுக்கொண்டிருக்கும். மாற்றியும் பயனில்லையே என்று நாம் திகைத்து நிற்போம்.

சரிசெய்த பிறகும் பிழை சிறிது நேரம் நீடிக்கலாம். கிடைத்த முகவரியைப் போலவே, இல்லை என்ற பதிலும் கேஷ் என்னும் தற்காலிகச் சேமிப்பில் வைக்கப்படுவதே காரணம். விண்டோஸில் டிஎன்எஸ் கேஷை நீக்கிவிட்டு பிரவுசரையும் மூடித் திறந்து பார்க்காமல், செய்தது பலிக்கவில்லை என்று அடுத்த மாற்றத்துக்குத் தாவ வேண்டாம். கணினியின் தேதியும் நேரமும் தவறாக இருந்தால் பாதுகாப்பான டிஎன்எஸ் தோற்கும் என்பதையும் ஒரு கணம் நினைத்துக்கொள்ளுங்கள்.

ரவுட்டரின் பின்புறத் துளைக்குள் ஊசியை விட்டு ரீசெட் செய்வதுதான் எல்லாவற்றிலும் விலை மிகுந்த தவறு. அணைத்துப் போடுவது வேறு, இது வேறு. பல இணைப்புகளில் சேவை தருபவர் கொடுத்த பயனர் பெயரும் கடவுச்சொல்லும் அந்த ரவுட்டருக்குள்தான் இருக்கின்றன. அவை அழிந்துவிட்டால், அதுவரை பெயர் மட்டுமே கிடைக்காமலிருந்த வீட்டில் இணைப்பும் இல்லாமற்போகும்.

சில வேளைகளில் நம் பக்கத்தில் எந்தக் குறையும் இருக்காது. 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக் நிறுவனத்தின் டிஎன்எஸ் சர்வர்களுக்குச் செல்லும் வழியை மற்ற வலையமைப்புகளுக்குச் சொல்லும் வழித்தட அறிவிப்புகள் திரும்பப் பெறப்பட்டுவிட்டதால், ஃபேஸ்புக்கின் பெயர் உலகம் முழுவதும் பல மணி நேரம் கிடைக்காமற்போனது. அன்று வீட்டு ரவுட்டரில் எதை மாற்றியிருந்தாலும் அந்தத் தளம் திறந்திருக்காது. ஒரு தளம் மட்டும் திறக்காமல் மற்றவை திறந்தால், கைப்பேசியின் மொபைல் டேட்டாவில் அதே தளத்தைப் பாருங்கள். அங்கும் திறக்காவிட்டால் காத்திருக்கலாம். அங்கே திறந்து, வீட்டில் எந்தக் கருவியிலும் திறக்காவிட்டால் வாடிக்கையாளர் சேவையை அழைத்து, நெட் வரவில்லை என்று பொதுவாகச் சொல்லாமல், 8.8.8.8 கொடுக்கும் விடையை உங்கள் டிஎன்எஸ் சர்வர் கொடுக்கவில்லை என்று, பெயரையும் நேரத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள்.