பேக்கோ பழகும்போது ஒரு நோட்டு வையுங்கள்

பல வருடங்கள் எஸ்ஐசிஎஸ் முறையில் (சிறிய வெட்டு வழியாகப் புரையைக் கையால் எடுப்பது) கண்புரை எடுத்த கை என்னுடையது. அல்ட்ராசவுண்டால் புரையை உடைத்து உறிஞ்சும் பேக்கோவுக்கு மாறத் தீர்மானித்ததும் முதலில் வாங்கியது ஒரு கோடு போட்ட நோட்டு. நீங்களும் அதிலிருந்தே ஆரம்பியுங்கள்.

ஒரு கண்ணுக்கு ஒரு வரி. புரை எவ்வளவு கடினம், பாப்பா (கண்ணின் நடுத்துளை) எவ்வளவு விரிந்தது, எந்தக் கட்டத்தில் தடுமாறினீர்கள், பின்பை (லென்ஸ் இருக்கும் பையின் பின்சுவர்) கிழிந்ததா, மறுநாள் கருவிழி வீங்கியிருந்ததா, ஒரு மாதம் கழித்துப் பார்வை எவ்வளவு. இந்தக் கடைசிக் கட்டம்தான் பெரும்பாலும் காலியாகக் கிடக்கும். மறுநாள் 6/60, அதாவது பலகையின் மிகப் பெரிய எழுத்தை மட்டும், படித்தவர், வீக்கம் வடிந்ததும் 6/9 படிக்கலாம். நன்றாகப் பார்த்தவருக்கு விழித்திரை நடுவில் நீர் கோத்துப் பார்வை மங்கியிருக்கலாம். வராதவரைப் போனில் கூப்பிடுங்கள். அவர்களை விட்டுவிட்டுப் போடும் கணக்கை நான் நம்பமாட்டேன்.

ஆரம்பத்தில் நடுத்தரக் கடினமுள்ள, பாப்பா நன்றாக விரியும் கண்களாக எடுங்கள். ஒரே கண்ணில் பார்வை உள்ளவர், முற்றி வெளுத்த புரை, பாப்பா ஓரத்தில் சாம்பல் செதில் படிந்த கண், இவையெல்லாம் அனுபவசாலியிடம் போகட்டும்.

எஸ்ஐசிஎஸ் தெரிந்தவருக்குக் கையைவிடக் கால்தான் புதிது. பேக்கோ இயந்திரத்தின் பெடலுக்கு 3 நிலைகள்: நீர், உறிஞ்சல், அல்ட்ராசவுண்ட். எந்த நிலையில் இருக்கிறோம் என்று யோசிக்காமலே கால் சொல்லும்வரை ஆட்டுக் கண்ணில் பழகுங்கள். நோயாளியின் கண்ணுக்கு வந்த பிறகும் முழு அறுவையையும் ஒரே நாளில் கையில் எடுக்க வேண்டாம். ரெக்ஸிஸ் (பையின் முன்சுவரில் வட்டமாகத் திறப்பது) ஒரு வாரம், மிச்சப் புரையை உறிஞ்சுவது ஒரு வாரம், நியூக்ளியஸ் (புரையின் கடினமான நடு) உடைப்பது கடைசியில். மற்றதைச் சொல்லித்தருபவர் செய்யட்டும்.

என் 23-ஆவது கண்ணில், நியூக்ளியஸின் கடைசித் துண்டை உறிஞ்சும்போது முன்னறை (கருவிழிக்குப் பின்னுள்ள இடம்) சட்டென்று ஆழமானது, பாப்பா ஒரு கணம் விரிந்தது. பின்பை கிழிந்ததன் அடையாளம் அது. பதறிக் கருவியின் முனையை வெளியே இழுத்துவிட்டேன். அறை சரிந்து, கண்ணின் பின்பக்கக் கூழான விட்ரியஸ் முன்னால் வந்தது. முனையை அசைக்காமல், பக்கத் துளை வழியாக விஸ்கோவை (கண்ணுக்குள் இடம் நிரப்பும் பசைத் திரவம்) செலுத்தி அறையை நிரப்பிய பிறகே வெளியே எடுத்திருக்க வேண்டும். பின்பையின் நடுப்பகுதி சுமார் 4 மைக்ரான்தான், ஒரு தலைமுடியின் பருமனில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

அன்றே அந்த அம்மாவிடமும் அவர் மகனிடமும் நடந்ததைச் சொன்னேன். சொல்லக் கஷ்டமாக இருந்தது, ஆனாலும் சொல்லியே ஆக வேண்டும்.

பிறகு நோட்டைப் புரட்டினேன். என் 4 கிழிசல்களில் 3 கடைசித் துண்டில் நடந்தவை. துண்டுகள் தீர்ந்து பின்பைக்குக் காவல் இல்லாதபோதும் உறிஞ்சு விசையைக் குறைக்காமல் இருந்திருக்கிறேன். அதிலிருந்து கடைசித் துண்டுக்கு முன் நிறுத்தி, விசையைக் குறைத்து, துண்டுக்கு அடியில் விஸ்கோ வைக்கிறேன். நோட்டு இல்லையென்றால் அந்த நான்கையும் தனித்தனிக் கெட்ட நாட்களாகவே நினைத்திருப்பேன்.

ரெக்ஸிஸ் ஓரத்துக்கு ஓடினால் தயங்காமல் துளையைப் பெரிதாக்கிப் பழைய முறையில் முடியுங்கள், அதையும் எழுதுங்கள். 10 கண்களுக்கு ஒருமுறை கூட்டிப் பாருங்கள். போட்டிருக்கும் கண்ணாடியோடு 80 சதவீதத்துக்கும் மேல் 6/18 அல்லது அதற்கு நல்ல பார்வை, 6/60-க்கும் கீழே 5 சதவீதத்துக்குள். உலக சுகாதார நிறுவனம் 1998-இல் சொன்ன அளவு இது. அதை எட்டாத மாதத்தில் நான் கடினமான கேஸ் எதையும் தொடவில்லை.