கீசர் சும்மா இருக்கும்போதும் மீட்டர் ஓடுகிறதா?

ஓசூர் பக்கம் மார்கழிக் குளிரில் கீசர் இல்லாமல் முடியாது. அளவாகப் போட்டும் இரண்டு மாத பில் எகிறினால் இப்படிப் பாருங்கள். கீசர் சூடாகி விளக்கு அணைந்ததும் மற்ற எம்சிபிகளை (போர்டில் உள்ள பாதுகாப்பு சுவிட்சுகளை) இறக்கிவிடுங்கள். ஒரு மணி நேரம் யாரும் சுடுதண்ணீர் திறக்கக் கூடாது. இப்போது மீட்டரின் சிவப்பு விளக்கைக் கவனியுங்கள். 2000 வாட் கீசர் ஓடினால், 3200 இம்பல்ஸ் மீட்டரில் (ஒரு யூனிட்டுக்கு 3200 தடவை மின்னுவது) நிமிடத்துக்குச் சுமார் 100 தடவை மின்னும். இடையில் ஒருமுறை சற்று நேரம் ஓடினால் பயமில்லை. அடிக்கடி ஓடினால் சுடுதண்ணீர் பைப் எங்கோ கசியலாம். எங்கள் வீட்டில் கசிந்தது சுவருக்குள் இருந்த எல்போ (பைப் வளைவு). கீசர் விளக்கு அணைந்த பிறகும் மீட்டர் விளக்கு மின்னுகிறதா? எர்த் லீக்கேஜாக (மின்சாரம் தரைக்குக் கசிவதாக) இருக்கலாம். ஷாக் அடிக்கும் ஆபத்து உண்டு, தயவுசெய்து கீசர் எம்சிபியையும் இறக்கிவிட்டு உடனே எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.